டயாலிசிஸ் போய் வந்தால் மறுநாளும் படுக்கைதான்… இனி இதுதான் என் வாழ்க்கையா, டாக்டர்?

திருப்பூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 43, எடை 52 கிலோ. கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர். இவரும் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுத்து வந்தவர். மூன்று வருடம் முன்பு காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தபோது, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் கூடியிருப்பது தெரிந்தது. ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சுருங்கியிருந்தன. காரணம் இன்னதென்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடந்த ஒன்றரை வருடமாக டயாலிசிஸ். முதலில் வாரம் மூன்று முறை போனவர், செலவு தாங்காமல் திங்கள், வியாழன் என இரண்டாகக் குறைத்துக்கொண்டார். ஒரு மணி நேர பஸ் பயணம். மதிய பஸ்ஸைப் பிடிப்பதற்காக நான்கு மணி நேரத்தில் கடைசி அரை மணி நேரத்தை விட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். ஒவ்வொரு தடவையும் நான்கு கிலோ வரை எடை ஏறியிருக்கும். மெஷினில் இருக்கும்போதே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், பிரஷர் இறங்கும். மறுநாள் முழுக்கப் படுக்கை.

சாப்பாடு கஞ்சியும் ஊறுகாயும். பருப்பு, முட்டை, கறி எதையும் தொடுவதில்லை. ராத்திரி அரிப்பு. ஹீமோகுளோபின் 7.2, இதுவரை மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட இடது கையைப் பயன்படுத்தக் கூடாதென்று அக்கம்பக்கத்தார் சொன்னதால் தையலையும் விட்டுவிட்டார். கணவர் கிட்னி கொடுக்கத் தயார். ஆனால் அவர் ரத்தம் பி பாசிட்டிவ், இவருடையது ஓ பாசிட்டிவ். தம்பி ஓ பாசிட்டிவ். தம்பி மனைவிக்குச் சம்மதமில்லை. பணம் கொடுத்தால் கிட்னி ஏற்பாடு செய்வதாக ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார். 22 வயது மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு இவருடைய நோயைச் சொல்லவில்லை.

கடிதம் இப்படி முடிகிறது: “மகள் கல்யாணத்தன்று நான் எழுந்து நிற்பேனா என்றே தெரியவில்லை. அவள் கல்யாணம் முடிந்ததும் டயாலிசிஸை நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். யாருக்கும் பாரமாக இருக்க வேண்டாம்.”

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரிகளிலிருந்தே தொடங்குகிறேன். டயாலிசிஸ் வேண்டாம் என்று சொல்வது ஒரு நோயாளியின் உரிமை. மிகவும் வயதாகி, வேறு பெரிய நோய்களும் சேர்ந்து, டயாலிசிஸால் வேதனை மட்டுமே மிஞ்சும் நிலையில் சிலர் அந்த முடிவுக்கு வருவதுண்டு. அவர்களை நாங்கள் கைவிடுவதில்லை. மூச்சுத் திணறலும் வலியும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் நிலைமை அதுவல்ல. நீங்கள் எழுதியிருக்கும் கஷ்டங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு பார்த்தேன். கால் இழுப்பு, மறுநாள் படுக்கை, தாகம், அரிப்பு, ரத்தக் குறைவு, பசியின்மை. இவற்றில் ஒன்றுகூடத் தலைவிதி இல்லை. பெரும்பாலானவை உங்களுக்குக் கிடைக்கும் டயாலிசிஸ் போதாததால் வருபவை. அதைச் சரிசெய்து பார்க்காமலேயே, “என் வாழ்க்கை இவ்வளவுதான்” என்று முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, மகளின் கல்யாணப் பேச்சில்கூட மனம் ஒட்டவில்லை என்று இடையில் எழுதியிருக்கிறீர்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு நோய் மிகச் சாதாரணமாக வருகிறது. நான்கில் ஒருவருக்காவது இருக்கும். ஆனால், உடம்பு அசதி என்று நோயாளியும் நினைத்துக்கொள்கிறார், நாங்களும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு, கிட்னி நோயாளிகளுக்குக் கொடுக்கக்கூடிய மாத்திரைகளும் உண்டு. அடுத்த முறை டாக்டரிடம் கிரியேட்டினின் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள். “டெலி மனஸ்” அரசு உதவி எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வலுக்கும் நாளில் தனியாக இருக்காதீர்கள். கணவரை எழுப்பிச் சொல்லுங்கள், நடுராத்திரியானாலும் பரவாயில்லை.

உங்களை முடக்குவது எது?

“இரண்டு தடவையே உடம்பை இப்படிப் போட்டுப் பார்க்கிறது, மூன்று தடவை என்றால் என்ன ஆவேன்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் கணக்கு நேர்மாறானது.

நல்ல கிட்னி வாரத்தின் 168 மணி நேரமும் வேலை செய்கிறது. வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் என்றால் மெஷின் 12 மணி நேரம் அந்த வேலையைச் செய்யும். நீங்கள் கொடுப்பது 7 மணி நேரம். வியாழன் முடிந்து திங்கள் வரை நான்கு நாள்களில் சேர்ந்த தண்ணீரை மூன்றரை மணி நேரத்தில் உறிஞ்ச வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு, ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் தண்ணீர் எடுப்பது இதயத்துக்குச் சுமை என்பது நாங்கள் பின்பற்றும் அளவு. உங்கள் எடைக்கு நான்கு மணி நேரத்தில் 2.7 லிட்டர்தான் அந்த எல்லை. மூன்றரை மணி நேரம் என்றால் 2.4 லிட்டர். உங்களிடமிருந்து எடுப்பதோ 4 லிட்டர்.

ரத்தக் குழாயிலிருந்து தண்ணீர் அந்த வேகத்தில் வெளியேறும்போது, காலிலும் வயிற்றிலும் தேங்கியிருப்பது அவ்வளவு சீக்கிரம் உள்ளே வந்து சேர முடியாது. அதனால்தான் பிரஷர் இறங்குகிறது, கெண்டைக்கால் முறுக்குகிறது. வீட்டுக்கு வந்த பிறகு அடித்துப் போட்ட மாதிரி இருப்பதும் அதனால்தான். மூன்று முறையாக்கி, நான்கு மணி நேரமும் முழுதாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் இரண்டு, இரண்டரை கிலோ எடுத்தால் போதும். வாரத்தில் ஒரு நாள் கூடுதலாக ஆஸ்பத்திரியில் கழியும். ஆனால் இப்போது படுக்கையில் போகும் நாள்களில் பலவற்றை உங்களால் மீட்க முடியும்.

வாரம் இரண்டு முறையே போதும் என்று சிலருக்கு நாங்களே சொல்வதுண்டு. அவர்களுக்கு ஓரளவு நன்றாகவே சிறுநீர் போய்க்கொண்டிருக்கும். உங்களுக்கு ஒரு நாளைக்கு அரை டம்ளர்தான் போகிறது. அதோடு, நீண்ட இடைவெளியில் பொட்டாசியமும் ஏறுகிறது. அந்த இடைவெளியின் முடிவில்தான் திடீரென்று இதயம் நின்றுபோவதும், நுரையீரலில் தண்ணீர் கோத்து நள்ளிரவில் ஆம்புலன்ஸ் தேடுவதும் அதிகம் நடக்கின்றன. நீங்கள் உயிரோடு விளையாடுகிறீர்கள் என்று மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பணத்தை மிச்சப்படுத்தத்தான் குறைத்தீர்கள். எதைப் பணயம் வைத்தீர்கள் என்று அப்போது யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

மூன்று முறையாக்கிய பிறகும் கால் இழுத்தால் சும்மா தாங்கிக்கொண்டு படுத்திருக்காதீர்கள். உங்கள் ‘டிரை வெயிட்’டை, அதாவது கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை, திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றரை வருடத்தில் உடம்பு இளைத்தோ தேறியோ இருக்கும். பழைய எண்ணையே வைத்துக்கொண்டு தண்ணீர் எடுப்பது பல இடங்களில் நடக்கிறது. டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தைச் சற்றுக் குறைத்தால் பிரஷர் இறங்குவது குறையும். டயாலிசிஸ் நாளன்று காலையில் பிரஷர் மாத்திரை போட வேண்டுமா, வந்த பிறகு போட்டால் போதுமா என்றும் கேளுங்கள். உங்கள் டெக்னீஷியனுக்கு இதெல்லாம் தெரியும். நோயாளி கேட்டால்தான் பல நேரம் நடக்கிறது என்பது எங்கள் துறையின் குறை.

கஞ்சியும் ஊறுகாயும்

பருப்பும் முட்டையும் ஆகாது என்ற பட்டியல் மூன்று வருடம் முன்பு, டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் கொடுத்தது. அன்று அது சரி. இன்று அதே பட்டியல் உங்களை இளைக்க வைக்கிறது. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் புரதம் கூடுதலாக வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம், உங்களுக்கு நாளொன்றுக்கு 52 முதல் 62 கிராம். கஞ்சியில் அதில் பாதிகூடத் தேறாது. தினமும் இரண்டு, மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, வாரத்தில் சில நாள் மீனோ கோழியோ, மற்ற நாள்களில் ஒரு கிண்ணம் பருப்பு என்று ஆரம்பியுங்கள். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்துக்கொண்டே அளவைக் கூட்டலாம்.

நீங்கள் தண்ணீரை டம்ளர் டம்ளராக அளந்து குடிக்கிறீர்கள், நாக்கு வறண்டாலும் பொறுத்துக்கொள்கிறீர்கள். அப்படியும் எடை நான்கு கிலோ ஏறுகிறது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய்: கஞ்சி இறங்குவதற்காகத் தொட்டுக்கொள்ளும் இவைதான் காரணம். 9 கிராம் உப்பு உடம்பில் தங்கினால் ஒரு லிட்டர் தண்ணீரையும் சேர்த்துத் தங்க வைக்கும். உப்பு உள்ளே போனால் தாகம் எடுக்கத்தான் செய்யும்; மன உறுதியால் அதை வெல்ல யாராலும் முடியாது. எல்லாப் பண்டத்திலும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு சின்ன ஸ்பூன், அதாவது 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் வாய்க்கு ருசி தரும். முதல் பத்து நாள் சப்பென்றுதான் இருக்கும், அப்புறம் நாக்கு பழகிவிடும். தண்ணீரைப் பொறுத்தவரை, முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்துக்கொள்ளலாம். ரசம், மோர், டீ எல்லாம் அதற்குள்தான்.

இந்துப்புக்கு மாறிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் உப்புதான், வித்தியாசம் இல்லை. ஆனால் கடையில் ‘லோ சோடியம்’ என்று விற்கும் உப்பை வாங்கிவிடாதீர்கள். சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் இருக்கும், உங்களுக்கு அது ஆபத்து. வாழைத்தண்டு ஜூஸும் இளநீரும் கிட்னிக்கு நல்லது என்று உறவினர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் அல்லவா? சிறுநீரகக் கல் இருப்பவருக்குச் சொல்லும் கைவைத்தியம் அது. சிறுநீர் வழியே பொட்டாசியம் வெளியேறும் உடம்புக்கு அது சரி. உங்களுக்கு வெளியேற வழியில்லை. கொடுப்பவரின் அன்பை ஏற்றுக்கொண்டு, டம்ளரை வீட்டில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத் தாளித்தால் பெரும்பாலானவற்றைச் சாப்பிடலாம். பழத்தில் ஆப்பிள், அன்னாசி, பேரிக்காய் ஒரு துண்டு.

சுருங்கிப்போன கிட்னியைத் திரும்ப வேலை செய்ய வைப்பதாகச் சொல்லும் மருந்து எதுவானாலும் நம்ப வேண்டாம். அப்படி ஒரு மருந்து எந்த வைத்திய முறையிலும் இல்லை. டயாலிசிஸ் ஆரம்பித்ததால்தான் கிட்னி சோம்பேறியாகிவிட்டது என்று உங்கள் மாமியார் சொல்வதும் சரியில்லை. கிட்னி நின்றதால்தான் டயாலிசிஸ் வந்தது. உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் வலி மாத்திரையை மட்டும் இன்றே நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் அரை டம்ளர் சிறுநீரையும் அது தின்றுவிடும். பாராசிட்டமால் போதும்.

அரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடினாலும் அரிக்கும். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையை ராத்திரி படுக்கும் முன் மொத்தமாக விழுங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அது சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்து வெளியேற்றும் மாத்திரை. சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின் நடுவிலும் பிரித்துப் போடுங்கள். குளித்ததும் ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். டயாலிசிஸ் போதுமான அளவு கிடைத்தாலே பாதி அரிப்பு அடங்கும். அப்படியும் தூக்கம் கெட்டால் டயாலிசிஸுக்குப் பிறகு மிகக் குறைந்த அளவில் கொடுக்கும் மாத்திரை இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்து மட்டும்.

ரத்தம் ஏற்றுவது வழியல்ல

7.2 ஹீமோகுளோபினோடு மாடிப்படி ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கும். ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் செய்வது கிட்னிதான். அது இல்லாததால் ஊசியாகப் போட வேண்டும். அதற்கு முன் இரும்புச் சத்தின் அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் டயாலிசிஸின்போதே இரும்பு ஊசியும் போடலாம். 10, 11 வரை கொண்டுவந்தாலே உங்களுக்கு வித்தியாசம் தெரியும். ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு பாட்டில் ரத்தமும், மற்றவர் திசுக்களுக்கு எதிரான எதிர்ப்பணுக்களை உங்கள் உடம்பில் உருவாக்கலாம். பின்னால் மாற்றுக் கிட்னி பொருத்தம் பார்க்கும்போது அது முட்டுக்கட்டையாக நிற்கும். அவசரத்துக்கு ஏற்றியது போகட்டும், வழக்கமாக்க வேண்டாம்.

மாதவிடாய் பத்து நாள் நீடிக்கிறது என்பதைக் கடிதத்தின் ஓரத்தில், அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறீர்கள். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். ஆனால் உங்கள் ரத்தக் குறைவில் அதற்கும் பங்கு உண்டு. அந்த நாள்களில் மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெபாரின் மருந்தைக் குறைக்கலாம், சிலருக்கு அது இல்லாமலே செய்யலாம். டயாலிசிஸ் நர்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகப்பேறு மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் கையும் தையலும்

பிஸ்டுலா போட்ட கையைக் கட்டிப் போட வேண்டியதில்லை. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ விடக் கூடாது, குடத்தையோ பையையோ அந்த முழங்கையில் தொங்கவிடக் கூடாது, அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது, இறுக்கமான வளையல் வேண்டாம். அவ்வளவுதான். துணியை நகர்த்திக் கொடுப்பதும் தையல் மெஷின் மிதிப்பதும் தடையில்லை. பெடலுக்குப் பதில் மோட்டார் இருந்தால் அசதியான நாளிலும் சௌகரியம். டயாலிசிஸ் முடிந்த அன்று ஊசி குத்திய இடம் ஆறட்டும், மறுநாளிலிருந்து உட்காருங்கள்.

உங்கள் பிஸ்டுலா முழங்கைக்கு மேலே ஓடுகிறது. பிளவுஸ் கையின் விளிம்பு சரியாக அந்த ரத்தக் குழாயின் மேல் இறுகும். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் அளவு எடுத்த நீங்கள் உங்கள் பிளவுஸுக்கு இடது கையை மட்டும் ஒரு அங்குலம் தளர்த்தித் தைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் அந்த இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். உள்ளே ‘கிர்ர்’ என்று அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வு நின்றிருந்தால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றே ஓடுங்கள். சீக்கிரம் போனால் அடைப்பை எடுத்துக் காப்பாற்றிவிடலாம்.

தையலை நான் வருமானத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வேலையை விட்ட பிறகுதான் ‘பாரம்’ என்ற சொல் உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. டயாலிசிஸ் இல்லாத நாள்களில் இருபது நிமிடம் நடப்பதும், இரண்டு மணி நேரம் தையல் மெஷினில் உட்காருவதும் உங்களுக்கு மருந்துதான்.

செலவு

இதைப் படித்தபோதுதான் எனக்கு ஆதங்கமாக இருந்தது. உங்கள் கணவர் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். “அது அவருக்குத்தானே” என்று விட்டுவிட்டீர்கள். இ.எஸ்.ஐ. மருத்துவம் தொழிலாளியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். டயாலிசிஸும் அதில் அடங்கும். எவ்வளவு காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் உண்டு. கணவரின் இ.எஸ்.ஐ. எண்ணோடும் உங்கள் டயாலிசிஸ் ரிப்போர்ட்டுகளோடும் பக்கத்து இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இ.எஸ்.ஐ. பதிவில் உங்கள் பெயர் இல்லையென்றால் முதலில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அதில் தடை வந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. டயாலிசிஸும் கிட்னி மாற்று அறுவை சிகிச்சையும் அதில் உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் நடக்கிறது. தனியாரிடம் பணம் கட்டி இரண்டு முறை செய்துகொள்வதைவிட இவற்றில் ஒன்றின் வழியே மூன்று முறை செய்துகொள்வதே மேல்.

பஸ் பயணமே பெரிய பாடு என்றால் இன்னொரு வழியும் யோசிக்கலாம். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, நாளுக்கு மூன்று, நான்கு முறை இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு எடுக்கும் சி.ஏ.பி.டி. முறை. வீட்டிலேயே நீங்களே செய்துகொள்ளலாம். ஊசி இல்லை, மெஷினில் வரும் கால் இழுப்பு இல்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கொஞ்சம் தளரும். சுத்தமான ஒரு மூலையும், கை கழுவுவதில் கண்டிப்பும் வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிடும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நூலையும் ஊசியையும் கையாளும் நிதானம் உள்ளவர் நீங்கள். இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள் என்றே நினைக்கிறேன்.

மாற்றுக் கிட்னி

உங்கள் வயதில் ஆயுளையும் வாழ்க்கையையும் ஒருசேர மீட்டுத் தருவது இதுதான். கணவர் குரூப் சேரவில்லை என்றதும் கதவு மூடிவிட்டதாக நினைத்திருக்கிறீர்கள். மூடவில்லை. இதேபோல் குரூப் சேராத இன்னொரு தம்பதியோடு மாற்றிக்கொள்ளும் ‘ஸ்வாப்’ முறையை 2011 சட்டத் திருத்தம் அனுமதிக்கிறது. குரூப் சேராமலேயே, எதிர்ப்பணுக்களைக் குறைத்துவிட்டுப் பொருத்துவதும் நடக்கிறது. செலவும் சிக்கலும் கூடுதல்.

தம்பி மனைவி மேல் கோபப்படாதீர்கள். “ஒரு கிட்னியோடு கம்பெனி வேலைக்கு எப்படிப் போவார்?” என்பது அவர் கேட்க வேண்டிய கேள்விதான். கொடுப்பவரை முழுதாகப் பரிசோதித்து, துளி சந்தேகம் இருந்தாலும் நாங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். பெரும்பாலோர் சில நாளில் வீடு திரும்பி, ஒன்றரை மாதத்துக்குள் வழக்கமான வேலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிறிய அளவில் உண்டு, ஆண்டுதோறும் பரிசோதனையும் வேண்டும். அவர்கள் இருவரையும் நீங்கள் இல்லாமல் தனியாக ஒரு கிட்னி மருத்துவரிடம் பேச வையுங்கள். கேட்ட பிறகும் வேண்டாம் என்றால், அதை மனத்தாங்கல் இல்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மகள் கொடுக்கிறேன் என்கிறாள் என்றீர்கள். உங்கள் நோய்க்குக் காரணமே தெரியாத நிலையில், 22 வயதுப் பெண்ணிடமிருந்து எடுப்பதற்கு நான் அவசரப்பட மாட்டேன்.

பணம் கொடுத்தால் கிட்னி ஏற்பாடு செய்கிறேன் என்று வந்தவரை மறுபடி வாசல்படி ஏற விடாதீர்கள். உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். வாங்கியவரும் அதில் அடக்கம். விற்பவர் உங்களைவிடக் கடன்பட்ட ஒரு தொழிலாளியாகத்தான் இருப்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் கிட்னிக்கு, அனுமதி பெற்ற மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓ குரூப்புக்குக் காத்திருப்பு நீளம். அதனால்தான் இன்றே பதிவு செய்யச் சொல்கிறேன். ஒன்றரை வருடமாக உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. நம் நாட்டில் உயிரோடு கிட்னி கொடுப்பவர்களில் பெண்களே அதிகம், பெற்றுக்கொள்பவர்களில் ஆண்களே அதிகம். இதில் உங்கள் வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் இடத்தில் கணவர் இருந்திருந்தால் முதல் மாதமே நீங்கள் அவர் பெயரைப் பதிந்திருப்பீர்கள்.

மகளும் மாப்பிள்ளை வீடும்

நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு விஷயத்தை மறைத்து நடத்தும் கல்யாணத்தில், தெரிந்துவிடுமோ என்ற பயம் முதலில் உங்கள் மகளைத்தான் அரிக்கும். “பெண்ணுக்கும் வருமா?” என்று கேட்பார்கள். அதற்காக இப்போதே மகளுக்கு பிரஷர், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள். அவளுக்காகவும் பார்க்க வேண்டியவைதான். எல்லாம் சரியாக இருந்தால் கேட்பவர்களுக்குத் தைரியமாகப் பதில் சொல்லலாம். டயாலிசிஸை நிறுத்தும் யோசனை அவளுக்குத் தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். கல்யாணம் வரைக்கும்தான் அம்மா என்று அவள் பின்னால் அறிந்துகொண்டால் அந்தக் கல்யாணமே அவளுக்கு உறுத்தும்.

கல்யாணத்தன்று எழுந்து நிற்பீர்களா என்று கேட்டீர்கள். நிற்கலாம், கொஞ்சம் திட்டமிட வேண்டும். தேதி குறித்ததும் டயாலிசிஸ் சென்டரில் சொல்லி, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை உங்கள் முறை வருமாறு மாற்றிக்கொள்ளுங்கள். மண்டபம் வெளியூர் என்றால் அந்த ஊர் சென்டரில் ஒரு மாதம் முன்பே இடம் கேளுங்கள். மஞ்சள் காமாலை வைரஸ் பரிசோதனை ரிப்போர்ட்டும், கடைசி மூன்று டயாலிசிஸ் குறிப்பும் கேட்பார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டு முடித்தீர்களா என்பதையும் அதற்குள் பார்த்துவிடுங்கள். முந்தின நாள் மதியம் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்குங்கள். நலங்கு வேலையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பந்தியில் அப்பளம், ஊறுகாய், வாழைப்பழம், பாயசம் மட்டும் இலையில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சோறு, கொஞ்சம் சாம்பார், ஒரு பொரியல், ஒரு வடை தாராளமாகச் சாப்பிடலாம். பாஸ்பரஸ் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போக மறந்துவிடாதீர்கள்.